முன்றில்: வீடும் காடும் புணரும் இடம்



இவ்வாண்டுச் சொற்பொழிவு வரிசையில் மொழியையும் சுற்றுச்சூழலையும் இணைத்துப் பேசுமாறு மன்றத்தார் கேட்டுக்கொண்டபோது, மரஞ்செடிகளின் பெயர்களைப் பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் வீட்டைப் பற்றிப் பேச விரும்பினேன். அதிலும் காட்டினுள்ளோ காட்டை ஒட்டியோ கட்டப்படும் வீட்டைப் பற்றி. மொழியியல் படித்தவருக்குக் கட்டடக்கலையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். தூணுக்கு எத்தனை கம்பி வைக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது பொறியாளரின் பணி. வீடும் நிலமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே என் பொருள். இரண்டு தொடும் இடத்தில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் தமிழ் இலக்கணம் பயின்ற எவருக்கும் உண்டு.

'இயற்கையோடு இயைந்த இல்லம்' என்னும் விளம்பரத் தொடர் இப்போது எங்கும் கண்ணில் படுகிறது. மலைச்சரிவில் விற்பனைக்கு வரும் வீடுகளுக்கும், வார இறுதியில் தங்கச் செல்லும் விடுதிகளுக்கும் அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. அண்மையில் உறவினர் ஒருவருடன் அப்படிப்பட்ட விடுதி ஒன்றுக்குச் சென்றேன். சுவர்களுக்குப் பச்சை வண்ணம். முகப்பில் கருங்கல் போலத் தோன்றும் ஓடு. தரையில் மரவரி அச்சிட்ட ஓடு. வாசலின் இருபுறமும் தொட்டியில் வளர்ந்த பனை வகைகள். பின்புறம் சென்று பார்த்தால், குன்றை நெட்டுக்குத்தாக வெட்டி எழுப்பிய காங்கிரீட் தடுப்புச்சுவர், மூன்று ஆள் உயரம். அந்தச் சுவரின் மேல் விளிம்பில் வேர் பாதி வெளியே தெரிய நின்ற மரங்களை விளம்பரப் படத்தில் நான் பார்த்ததாக நினைவில்லை.

இங்கு 'இயைதல்' என்னும் வினை தன் பொருளை இழந்து 'போலத் தோன்றுதல்' என்னும் பொருளில் வழங்குகிறது. சொற்கள் பொருள் மாறுவது இயல்பே. அதற்காக மொழியியலார் கண்ணீர் விடுவதில்லை. ஆனால் இந்தப் பொருள்மாற்றத்தின் விலை உயிராகவும் இருக்கக்கூடும் என்பதால் சற்று நின்று பேச வேண்டியுள்ளது.

நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் பயிலும் புணர்ச்சி இலக்கணத்தை இங்கே துணைக்கு அழைக்கிறேன். முன்னே நிற்பது நிலைமொழி; அதனோடு வந்து சேர்வது வருமொழி. இரண்டும் சேரும்போது எந்த மாற்றமும் இல்லையெனில் இயல்பு புணர்ச்சி: பொன், மலை, பொன்மலை. மாற்றம் உண்டெனில் விகாரம். அது மூவகை. பூங்கொடியில் ஒரு மெய் தோன்றுகிறது; பொற்குடத்தில் ஒன்று திரிகிறது; மரவேரில் நிலைமொழியின் ஈறு கெடுகிறது. நிலம் என்பது பெயரளவிலேயே நிலைமொழி. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே நிற்பது. வீடு வருமொழி, நேற்று வந்தது. இவ்விரண்டும் புணரும்போது எது திரிய வேண்டும், எது கெடாமல் இருக்க வேண்டும் என்பதே காட்டில் வீடு கட்டுவோர் முன்னுள்ள கேள்வி. உவமையை அளவுக்கு மீறி நீட்டினால் ஒடிந்துவிடும் என்பதை நான் அறிவேன். ஆயினும் நம் வகுப்பறையில் உள்ள கருவிகளுள் இதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

நம் நாட்டில் பெரும்பாலும் நிகழ்வது நிலைமொழி கெடுதல். மேட்டை வெட்டுகிறோம், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டுகிறோம், சமதளம் ஒன்றை உண்டாக்கி அதன்மேல் சமவெளிக்கு உரிய வீட்டைக் கொண்டுவந்து வைக்கிறோம். அத்தளத்தில் பாதி பழைய மண், பாதி கொட்டிய மண். கொட்டிய மண்ணுக்கு அடியில் பழைய சரிவு அப்படியே புதைந்து கிடக்கிறது. மழைநீர் மண்ணுள் இறங்கி அந்தப் பழைய சரிவைத் தேடிக் கண்டுபிடித்து அதன் வழியே ஓடுகிறது. தடுப்புச்சுவருக்குப் பின்னால் தேங்கிய நீருக்கு வழி இல்லையெனில், அது சுவரைத் தள்ளத் தொடங்குகிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அதில் கணிசமான பகுதி சில மணி நேரப் பெருமழைகளாகவே இறங்குகிறது. இத்தகைய நாட்டில் நீரின் வழியை மறந்து எழுப்பிய எதுவும் நீரால் நினைவூட்டப்படும்.

1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை இந்த அவையில் உள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டடத்துக்குப் பின்னால் குன்று. அக்குன்றில் ஓடிய சிற்றோடை குழாய் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. மேற்சரிவில் மரங்கள் அகற்றப்பட்டிருந்தன. பல நாள் தொடர்மழைக்குப்பின் தடுப்புச்சுவர்கள் நிலைகுலைந்து, நகர்ந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளியது. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்தோர்மீது சரிவு இறங்கி 31 பேர் இறந்தனர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள். அங்கே வீடு இல்லை, கூடாரங்களே இருந்தன. அழகிய இடம் என்பதும் பாதுகாப்பான இடம் என்பதும் வேறு வேறு என்பதை இதைவிடக் கொடுமையாக எடுத்துரைக்க இயலாது.

இனி இயல்பு புணர்ச்சிக்கு வருவோம். அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர்களின் மரபு வீடு கால்களின்மேல் நிற்கிறது. அக்காலுக்குத் 'தியாங்' என்று பெயர். ஒவ்வொரு காலும் பெரும்பாலும் ஒரு கல்லின்மேல் அமர்கிறது, மண்ணுள் புதைவதில்லை. ஆதலால் மரக்கால் ஈரத்தால் உளுத்துப் போவதில்லை. கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிறது. தரை சரிவாக இருந்தால் கால்களின் நீளம் மாறுகிறது, தரை மாறுவதில்லை. திரிந்தது வருமொழி. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிப் போகிறது. கோழியும் குழந்தையும் விறகும் மிதிவண்டியும் அடியில் இடம் பெறுகின்றன. காற்று தரைப்பலகைகளின் இடுக்கு வழியே மேலேறுகிறது. மரத்தோடு மரத்தைக் கோக்கும் இணைப்புக்குத் 'தங்காம்' என்று பெயர். இறுக்கும் முளைக்குப் 'பாசாக்'. இவ்வாறு கோத்த வீட்டைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் கோக்கலாம். ஊரார் கூடித் தோள் கொடுத்து முழுவீட்டையே தூக்கிச் சென்ற நிழற்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போன பின்பு நிலம் முன்பு இருந்தபடியே இருக்கும்.

சொல்லாராய்ச்சியாளருக்கு அந்த வீடு ஒரு விருந்து. நடுவீட்டை 'ருமா ஈபு' என்கிறார்கள். தாய்வீடு என்று பொருள். அதிலிருந்து மற்றவை பிறக்கின்றன. முன்புறத்து நீண்ட தாழ்வாரம் 'செராம்பி'. படியேறியதும் வருவோரை நிறுத்தி வரவேற்கும் சிறுமுகப்பு 'அஞ்சோங்'. தாய்வீட்டையும் சமையற்கட்டையும் இணைக்கும் திறந்த நடை 'செலாங்'. செலாங் என்னும் சொல்லுக்கு மலாயில் இடைவெளி என்றும் பொருள் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதைச் சொல்லவும் அதே சொல்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்றுக்கும் மழைச்சாரலுக்கும் விட்டுவைத்த இடைவெளியே ஒரு கட்டட உறுப்பாகப் பெயர் பெற்றிருப்பதை எண்ணிப் பாருங்கள். வெறுமைக்குப் பெயரிட்ட மொழி, அதைப் பாதுகாக்கவும் செய்கிறது.

கூரை விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் மழைக்காட்டு வீட்டின் உயிர்நாடி அதுதான். மலாயில் அதற்குச் 'சுச்சூரான் ஆத்தாப்' என்று பெயர். கூரை ஒழுகி வடியும் இடம் என்று பொருள். கூரையிலிருந்து ஒழுகும் நீர் வீட்டடியிலுள்ள கழிவுநீர்ப் பள்ளத்தில்தான் விழும் என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருப்பார்கள் என்பது அதன் கருத்து. நாம் நூலையும் சேலையையும் சொல்லும் இடத்தில் அவர்கள் கூரைநீரைச் சொல்கிறார்கள். நாள்தோறும் மழையைப் பார்த்த சமுதாயம் மழையிலிருந்தே உவமை எடுக்கிறது.

தமிழிலும் இதற்குப் பழஞ்சொல் உண்டு: இறை. கூரையின் தாழ்ந்த விளிம்பு என்று பொருள். இறையும் வாரமும் சேர்ந்து இறைவாரம் ஆகி, பேச்சில் இறவாரம் என்றும் இறவாணம் என்றும் வழங்கிற்று. வாரம் என்றால் சரிவு. தாழ்வாரத்தில் உள்ள வாரமும் அதுவே. காட்டில் கட்டும் வீட்டுக்கு இந்த இறவாரம் சுவரைத் தாண்டி நன்கு வெளியே நீள வேண்டும். அப்போதுதான் சாரல் சுவரைத் தொடாது. மழை நாளிலும் சன்னலைத் திறந்து வைக்கலாம். நகரத்து வீட்டில் கூரை விளிம்பில் தகரத் தூம்பு பொருத்துவது வழக்கம். காட்டில் அது ஒரே மாதத்தில் சருகால் அடைபடும். அடைபட்டால் கொசு பெருகும். நிரம்பினால் நீர் சுவருள் இறங்கும். அத்தாப்புக் கூரைக்குத் தூம்பு கிடையாது. நீர் விளிம்பிலிருந்து நேரே தரையில் விழும். விழும் கோட்டில் கூழாங்கல் பரப்பினால் மண் அரிக்காது.

இறவாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, விளம்பரக்காரர்கள் அறியாதது. காட்டில் ஒரு வீட்டை மறைப்பது பச்சை வண்ணம் அன்று, நிழல். காட்டின் பச்சை ஒற்றை நிறமில்லை. வெயிலுக்கும் இலையின் வயதுக்கும் ஏற்ப நூறு பச்சை அங்கே உண்டு. அதன் நடுவே ஒரே சீரான பச்சைச் சுவர் தொலைவிலிருந்தே கண்ணை உறுத்தும். ஆழ்ந்த இறவாரத்தின் கீழ் உள்ள சுவரோ நிழலுள் அமிழ்ந்து, மரங்களுக்கு இடையே உள்ள இருளோடு இருளாகிவிடும். கூரை மட்டும் ஒரு கிளை போலத் தெரியும். முழுக் கண்ணாடிச் சுவரும் இப்போது நாகரிகம் ஆகியுள்ளது. உள்ளே இருப்பவருக்குக் காடு தெரிகிறது, உண்மைதான். வெளியே பறக்கும் பறவைக்கும் கண்ணாடியில் காடுதான் தெரிகிறது; அது நேரே வந்து மோதி விழுகிறது.

இப்போது தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். முன்றில் என்பது வீட்டின் முன்னிடம். முன், இல் என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்தது. பொது விதிப்படி சேர்ந்தால் 'முன்னில்' என்று ஆக வேண்டும். ஆனால் நடுவே ஒரு றகரம் தோன்றி முன்றில் என நிற்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் தனியே ஒரு நூற்பா செய்து, இது பழமையான வழக்கில் மருவி வந்தது என்று குறிக்கிறது. இல்லின் முன் என்பதே முறைமாறி இவ்வாறு நின்றது. தொல்காப்பியர் காலத்திலேயே பழையதாகிவிட்ட சொல், பொது விதிக்கு அடங்காமல் வாழ்ந்ததற்குக் காரணம் அன்றாட வழக்கின் வலிமைதான். நெல் உலர்த்தியதும், விருந்தினர் வந்து நின்றதும், குழந்தை தவழ்ந்ததும் அங்கே. அது வீடும் அன்று, வெளியும் அன்று. இரண்டும் புணரும்போது நடுவே தோன்றிய றகரம் போன்றது அந்த இடம்.

இல் என்பதைப் பற்றியும் ஒரு சொல். இன்று நாம் இடவேற்றுமை உருபாக வழங்கும் 'இல்', வீடு என்று பொருள்படும் அதே 'இல்' தேய்ந்து ஆனது என்பது மொழியியலார் பலரும் ஏற்கும் கருத்து. அப்படியானால் 'வீட்டில் இருக்கிறேன்' என்று சொல்பவர் வீட்டை இருமுறை சொல்கிறார். காட்டில் என்று சொல்லும்போதோ, காட்டையே வீடாக்கிவிடுகிறார். இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மகிழ்வார்கள். தேர்வில் எழுத வேண்டாம்.

இப்படி உள்ளும் புறமும் அல்லாத இடங்களுக்குத் தமிழில் பெயர்கள் ஏராளம். முன்றில், திண்ணை, நடை, இடைகழி, தாழ்வாரம், முற்றம், புழைக்கடை. திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவர் மழை இரவில் ஒதுங்கிய கதை இடைகழியில் நடக்கிறது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அளவு சொல்லும் அக்கதையில் வீட்டுக்குள் செல்லாமலும் மழையில் நனையாமலும் நிற்க ஓரிடம் இருந்தது. அந்த இடைகழியே பேச்சில் தேய்ந்து ரேழி ஆயிற்று.

இந்த மண்ணில் பிறந்த சொல்லும் ஒன்று உண்டு. அதற்காக நான் பெருமைப்படுகிறேன். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகர அமைப்புக்குத் தந்த அறிவுறுத்தலில், வீடுகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று விதித்தார். ஐந்தடி அகலம் என்பதால் மலாயில் அது 'காக்கி லீமா' ஆயிற்று. நம்மவர் நாவில் அஞ்சடி ஆயிற்று. கடைத்தெருவில் பிறந்த இச்சொல் தோட்டத்துக்கும் போனது. லயத்து வீட்டின் முன்புறத்தை அஞ்சடி என்று சொன்ன தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. காட்டை அழித்து இரப்பர் நட்ட தோட்டங்களில் நம் முன்னோர்க்குக் கிடைத்த வீடு, வரிசையாக அடைத்த அறைகள்தாம். அதை அழகுபடுத்திப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஒடுங்கிய வீட்டிலும் மக்கள் வாழ்ந்தது பெரும்பாலும் அஞ்சடியில்தான். பால்வாளியைக் கவிழ்த்து வைத்ததும், கதை பேசியதும், பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அங்கேதான்.

இக்காலக் கட்டடக்கலைஞர்கள் இதை எவ்வாறு கையாண்டிருக்கிறார்கள்? சில சான்றுகளைச் சொல்கிறேன். சிலாங்கூர் பாங்கியில் மரங்கள் சூழ்ந்த மேட்டு நிலத்தில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் இல்லம் 1992இல் நிறைவுற்றது; 1998இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. செங்கால் மரத்தில், மரபுத் தச்சர்களின் கைவேலையால், ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கட்டப்பட்டது. பழைய மலாய் வீட்டின் நகல் அன்று அது. அதன் தரைப்படமே முக்கோண வடிவிலானது. ஆயினும் கால்மேல் நிற்றல், நீண்ட இறவாரம், காற்றுக்குத் திறந்த மேடை என்னும் இலக்கணம் அப்படியே. புதுக்கவிதையிலும் யாப்பின் ஓசை கேட்பதைப் போல. அதற்கு மாறாக ஒரு குறையும் சொல்ல வேண்டும்: இத்தகைய வீடு கட்ட நல்ல செங்கால் மரமும் நல்ல தச்சரும் வேண்டும். இரண்டும் அருகிவிட்டன. காட்டோடு இயைந்த வீட்டுக்காகக் காட்டின் முதுமரத்தை வெட்டுவது முறையா என்று கேட்கும் மாணவர், சரியான கேள்வியையே கேட்கிறார். பழைய கட்டடங்களைப் பிரித்தெடுத்த மரம், விரைந்து வளரும் மரத்தை ஒட்டித் தயாரித்த உத்தரம், ஒல்லியான எஃகுக் கால் என வேறு வழிகள் இன்று உள்ளன. எஃகுக் காலை நான் குறையாக நினைப்பதில்லை. மரம் போன்ற தோற்றம் முக்கியமன்று. மண்ணைத் தொடும் பரப்பு சிறிதாக இருப்பதே முக்கியம்.

இலங்கையின் ஜெஃப்ரி பாவா தம்புள்ளைக்கு அருகே வடிவமைத்த கண்டலம விடுதி 1994இல் திறக்கப்பட்டது. கட்டுமுன் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பு நியாயமற்றதன்று. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டடம் அது. பாறைச்சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், அதன் வளைவைப் பின்பற்றித் தூண்களின்மேல் நிற்கிறது. நடைவழியுள் பாறையே உள்ளே வந்து நிற்கிறது. சட்டகங்களில் கொடி படர விட்டதால், இன்று ஏரிக்கு அப்பால் நின்று பார்ப்பவர் கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். கொடி படர்வதற்குக் கலைஞர் காத்திருந்தார். திறப்பு விழாப் படத்துக்காக அவர் வடிவமைக்கவில்லை.

அமெரிக்காவின் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935இல் பென்சில்வேனியாக் காட்டில் வடிவமைத்த அருவி வீட்டை அறியாதார் சிலரே. வீட்டுக்காரர் அருவியைப் பார்க்கும் வீட்டை எதிர்பார்த்தார்; ரைட் அருவியின் மேலேயே வீட்டை வைத்தார். கணப்படுப்பின் முன் தரையில், அங்கே முன்பே கிடந்த பாறை அப்படியே எழுந்து நிற்கிறது. நிலைமொழியின் ஓர் எழுத்து வருமொழியுள் வந்து நிற்பது போல, அழகான தோன்றல் விகாரம். ஆயினும் அவ்வீட்டின் நீட்டிய மேடைகள் தொடக்கம் முதலே தொய்ந்தன. 2002இல் எஃகு வடங்களால் இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. உலகம் போற்றும் அந்தப் படைப்பைவிடக் கல்லின்மேல் காலூன்றிய கம்பத்து வீடு நம் மழைக்கு ஏற்றது என்று நான் சொன்னால், அது மண்பற்று மட்டும் அன்று.

மரங்களைப் பற்றிப் பேசாமல் காட்டு வீட்டைப் பற்றிய உரை முடியாது. 'ஒரு மரத்தையும் வெட்டவில்லை' என்று பெருமையாகச் சொல்வோரைக் கண்டிருக்கிறேன். மரத்தை வெட்டாமலே கொல்லலாம். மழைக்காட்டு மரங்களின் உணவு தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கின்றன, ஊட்டமும் அங்கேதான். கனரக இயந்திரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் அம்மண் இறுகிவிடும். நீரும் காற்றும் இறங்கா. அடிமரத்தைச் சுற்றி இரண்டடி மண் கொட்டினாலும் போதும். மரம் உடனே சாகாது, சில ஆண்டுகளில் உச்சியிலிருந்து காய்ந்து வரும். அப்போது வீட்டுக்காரர் பூச்சியைக் குறை சொல்வார். ஆகவே கட்டுமுன் மரங்களைக் குறிப்பதோடு, அவற்றின் வேர்ப்பரப்பையும் குறிக்க வேண்டும். பொருள்களைக் கொண்டுவர ஒரே ஒரு பாதையை வகுத்து, பின்னர் அதையே வீட்டுக்கு வழியாக்க வேண்டும். எந்த மரம் எந்தப் பக்கம் விழக்கூடும் என்பதையும் பார்க்க வேண்டும். பெருமரத்தின் அடியில் படுக்கையறை அமைப்பது இயைதல் அன்று, துணிச்சல்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். 1920களில், ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் மனிதர் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கே கப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் தலை மற்றொன்றின் தலையைத் தொடாமல், நடுவே மெல்லிய வான்கோடு விட்டு நிற்பதைக் காணலாம். கப்பூர் என்றதும் கருப்பூரம் நினைவுக்கு வர வேண்டும். இம்மரம் கருப்பூரம் தருவது. நெருங்கி வாழ்வதற்கு இடைவெளி வேண்டும் என்பதற்கு அங்கே உரை எழுதத் தேவையில்லை. மரபு மரவீடுகள் சிலவும் அவ்வளாகத்தில் உள்ளன. தூணடிக் கல்லைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இறுதியாக, நம் வகுப்பறை. பயிற்சி ஆசிரியர்கள் சிலரிடம் ஒருமுறை பழைய ஊர்வீடு ஒன்றின் படத்தைக் கொடுத்து உறுப்புகளுக்குப் பெயர் எழுதச் சொன்னேன். அறை, சமையலறை, கதவு, சன்னல், கூரை எல்லாம் வந்தன. சுவருக்கு வெளியே இருந்தவற்றுக்கு மட்டும் பெயர் வரவில்லை. ஒருவர் திண்ணை என்று எழுதினார். மற்றோர் 'முன்பகுதி' என்று முடித்துக்கொண்டார். நம் பிள்ளைகள் வீடு வரையும்போது பாருங்கள். ஒரு சதுரம், அதன்மேல் சுவரோடு முடியும் முக்கோணம், உச்சியில் புகைபோக்கி, புகையுடன். இந்நாட்டில் எந்த வீட்டில் புகைபோக்கி இருக்கிறது? இல்லாதது படத்தில் இருக்கிறது. இருக்க வேண்டிய இறவாரம் இல்லை. அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் நாளை கட்டடக்கலைஞர் ஆவார், ஒருவர் நகராண்மைக் கழகத்தில் வரைபடங்களுக்கு ஒப்புதல் தருவார், ஒருவர் குன்றோரம் வீடு வாங்குவார். இறவாரம் எங்கே, நீர் எங்கே விழும், அது பின்னர் எங்கே போகும் என்று கேட்பதற்கு அவர்களிடம் முதலில் சொல் இருக்க வேண்டும்.

வாசலருகே உள்ள மேசையில் மன்றத்தார் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்ல வேண்டுகிறேன். வீட்டில் உள்ள தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு மக்சிக், பாக்சிக் ஆகியோரிடம், அவர்கள் இளமையில் வாழ்ந்த வீட்டின் சுவருக்கு வெளியே இருந்த இடங்களுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்பதையும் குறியுங்கள். கேட்ட ஒலியை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். மழைநீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் நினைவுக்கு வராவிட்டால் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பல நேரம் கை வரையத் தொடங்கியதும் நாவுக்குச் சொல் வந்துவிடும்.